கவட்டைக் கோவில்

அம்மியை யாரோ தனியாளாகத் தரையோடு இழுத்தால் வருகிற சத்தம். ஆனால் அந்த அம்மி ஒரு மாட்டு வண்டி அளவுக்கு இருக்க வேண்டும், இழுக்கிற இடமும் ஒரு பெரிய காலிப் பானைக்குள் இருக்க வேண்டும். அப்படி ஒரு சத்தம் கோவில் பக்கமிருந்து வந்தது. ஒரே ஒரு இழுப்பு. பிறகு நாய்கூடக் குரைக்கவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்த வரி அப்படியே நின்றுவிட்டது. "நமது அதிதூதர் மிக்கேல் ஆலயம் இரு கைகளையும் விரித்துத் தன் மக்களை அணைத்துக்கொள்வது போல" என்று எழுதியிருந்தேன். சத்தம் கேட்ட பிறகு அந்த வரியைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது, அடித்துவிட்டேன். பங்குச் சாமியார் போன ஞாயிறு பூசை முடிந்ததும் கூப்பிட்டு, "சலேத்து, நீ கான்வென்டுல படிச்சவ, நூற்றாண்டு மலருக்குக் கோவில் வரலாறு நாலு பக்கம் எழுதித் தந்துரு" என்றார். நாலு பக்கம்தானே என்று நினைத்தேன். பிள்ளை தூங்கியதும் உட்கார்ந்தால் ஆயிற்று. பிள்ளை தூங்கிவிட்டாள். அத்தை அடுக்களையில் பாத்திரம் கழுவி முடித்துப் பாயை விரித்துவிட்டார்கள். இவர் இன்னும் வரவில்லை. பால் சொசைட்டியில் மாலைக் கணக்கு முடித்து, அங்கிருந்தே நேராக மேலத்தெருவுக்கு, என் அண்ணன் ஸ்தனிஸ் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். நாளைக்கு எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம். என் அண்ணன் ஞானத்தகப்பனாக நிற்பானா என்று கேட்கப் போயிருக்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்து என் வீட்டு ஆட்கள் ஒருவரும் எங்களோடு பேசியதில்லை. நான் மேலத்தெரு, இவர் கீழத்தெரு. இந்த ஊரில் இதற்கு மேல் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மலரில் எப்படி விளக்குவது. எமில்டா சிஸ்டர் கட்டுரை வகுப்பில் சொல்வார்கள், முகவுரை, பொருளுரை, முடிவுரை, எதை எதற்குப் பிறகு சொல்வது என்று முதலில் முடிவு செய்துகொள் என்று. அந்தச் சத்தம் எதற்குப் பிறகு வந்தது, இவர் வீட்டைவிட்டுப் போனதற்குப் பிறகு. அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது.

முதலில் ஓலைக் கோவில் இருந்தது, அதை எழுதலாம். ஓலைக் கோவிலின் நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள், கயிற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு, அந்தப் பக்கம் இவர்கள் தெரு, அதை எழுதலாமா. எங்கள் தெரு என்று கை தானாக எழுதுகிறது, இப்போது எது எங்கள் தெரு. பிரான்சிலிருந்து வந்த தாடிச் சாமியார் கல்கோவில் கட்டப் பார்த்தார். கயிறு வேண்டாம் என்றாராம், மேலத்தெரு ஒரு பூசைக்கும் வரவில்லை. கயிறு இருக்கட்டும் என்றாராம், கீழத்தெரு வரவில்லை. காலிக் கோவிலில் தனியாகப் பூசை வைத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் ஆற்று மணலில் குச்சியால் ஒரு படம் போட்டுக் காட்டியிருக்கிறார். பையன்கள் அணில் அடிக்க வைத்திருக்கிற கவட்டை. கைப்பிடி இருக்கிற இடத்தில் பீடம், இரண்டு கிளைகளும் இரண்டு தெருக்களைப் பார்த்து நீளும், ஒவ்வொரு கிளையின் முனையிலும் ஒரு வாசல். இவர்களுக்குச் சாமி தெரியும், அவர்களுக்கும் சாமி தெரியும், இவர்களுக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள். இரண்டு தெருவும் அன்றைக்கே கடைக்கால் தோண்ட வந்துவிட்டது. தாடிச் சாமியார் சந்தோஷப்பட்டாரா, ராத்திரி அழுதாரா, அது யாருக்கும் தெரியாது. நான் அழுதிருப்பேன். ஆனால் கட்டியிருப்பேன். சுவருக்கு அரைத்த சுண்ணாம்பில் கருப்பட்டியும் கடுக்காய்த் தண்ணீரும் ஊற்றினார்கள், பூச்சு வழவழப்பாக வர முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் எப்படியும் யாரும் முட்டை தின்பதில்லை, அதனால் அந்த வருஷத் தவசுக்கு ஊர்க்கோழி போட்ட முட்டையெல்லாம் கோவில் சுவரில் இருக்கிறது என்பார்கள். சிரிக்கத் தோன்றுகிறது. மேலத்தெருக் கொத்தனாரிடம் ஒரு முழக்கோல், கீழத்தெருக் கொத்தனாரிடம் வேறொரு முழக்கோல். ஒருவர் கோலை மற்றவர் தொட மாட்டார், பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கவும் மாட்டார். இரண்டு கிளையும் தனித்தனியாக வளர்ந்து வந்து பீடத்துக்கு முன்னால் சேருகிற நாளில்தான் தெரிந்தது, மேலத்தெருக் கிளையின் தரை ஒரு சாண் பள்ளம். கீழத்தெருத் தரை நடுக்கூடத்தோடு கச்சிதமாகச் சேர்ந்துவிட்டது. இதை என் சிறு வயதில் எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. நாங்கள் பீடத்தண்டை நன்மை அப்பம் வாங்கப் போகும்போது ஒரு படி ஏறுவோம், அது மரியாதைக்கு வைத்த படி என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுபடியும் கேட்கிறதா. இல்லை. மின்விசிறி. பிள்ளையின் மூச்சு. மூக்கில் லேசாகச் சளி கட்டியிருக்கிறது, உள்ளே போகும்போது ஒரு சீட்டியடிப்பு. இவர் இந்நேரம் அண்ணன் வீட்டு வாசலில் நிற்பார், உள்ளே கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அப்பா வெளியே வந்திருப்பார். அப்பா வெளியே வந்தால் அவருக்குப் பின்னால் தெருவே வரும். கல்யாணத்துக்கு முன்னால் ஒருதரம் இவரைக் குளத்தங்கரையில் மறித்துச் சைக்கிளை உடைத்தார்கள், சைக்கிளோடு விட்டார்களே என்று இவர் சிரித்தார், எனக்கு அந்தச் சிரிப்பை இன்னும் மன்னிக்க முடியவில்லை. பீடத்தைப் பற்றி எழுத வேண்டும். பீடத்தில் அதிதூதரான மிக்கேல் சம்மனசு வலது கையில் வாளும் இடது கையில் தராசும் வைத்து நேராகக் கைப்பிடிப் பக்கத்திலிருந்து பார்க்கிறார். நேராக அவருக்கு எதிரே யாரும் உட்கார முடியாது, அங்கே இரண்டு கிளையும் பிரிகிற சுவர்முனை இருக்கிறது. பிறந்ததிலிருந்து நான் பார்த்தது வாளைத்தான். கல்யாணமாகி முதல் ஞாயிறு இவர்களோடு கீழ வாசல் வழியாகப் போய் அத்தைக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு நிமிர்ந்தால், வாளைக் காணோம். தராசு தொங்குகிறது. வேறு யாரோ சம்மனசு என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். "என்னட்டி பாக்குத, அவருதான்" என்று அத்தை முழங்கையால் இடித்தார்கள். இருபது வருஷமாக ஒரே கோவிலில் ஒரே சொரூபத்தை வணங்கிவிட்டு அதன் மறுகை எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். முகம் முழுசாகத் தெரிவது பூசை வைக்கிற சாமியாருக்கு மட்டும்தான், அதுவும் அவர் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூசை வைத்த பழைய காலம்வரைக்கும். கண்ணுக்குத்தான் இத்தனை ஏற்பாடும் செய்தார்கள், காதை மறந்துவிட்டார்கள். தரை ஒட்டாமல் போனதை மறைக்க நடுக்கூடத்தின் மேலே வளைவை அங்கும் இங்கும் இழுத்து, பானையின் உள்பக்கம் மாதிரி பூசி வழவழப்பாக்கியதில், ஒரு கிளையில் இருமினால் அடுத்த கிளையில் பக்கத்தில் இருமுவது போல் கேட்கும். நாங்கள் பாட்டுக்குழுவில் பாடும்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல் எப்போதும் அரைத் தாளம் பிந்தி வரும். சிஸ்டர்களிடம் பாட்டுப் படித்த எனக்கு அது பல்லில் கல் கடிபடுவது மாதிரி இருக்கும். யாரடா இவன் என்று எத்தனை ஞாயிறு, அது இவர் என்று தெரியாமல், கோபப்பட்டிருப்பேன். ஒரு ஞாயிறு அந்தக் குரல் வரவில்லை. நான் பாட்டை நடுவில் விட்டுவிட்டேன். இதை மலரில் எழுத முடியாது. ஆனால் கோவில் வரலாறு என்று எனக்குத் தெரிந்தது இதுதான்.

பிள்ளை இருமினாள். இருமி, மூச்சை உள்ளே இழுத்து, இழுத்த மூச்சு வெளியே வராமல் ஒரு கணம். நான் மேசையிலிருந்து பாய்ந்து போய்த் தூக்கினேன், தோளில் போட்டு முதுகைத் தட்டினேன், வந்துவிட்டது. நெற்றி சுடுகிறதா, என் கைதான் குளிர்ந்திருக்கிறதா. அவளுக்கு இன்னும் பெயர்கூடக் கிடையாது, பாப்பு என்றுதான் கூப்பிடுகிறோம், பெயர் நாளைக்குத்தான். பிறந்த அடுத்த வாரமே ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம். தாய்மாமன் தலையில் கை வைக்காமல் பெயர் வைக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது நான். எங்கள் வீட்டில் அப்படித்தான், தாய்மாமன்தான் ஞானத்தகப்பன், பெயரை அவன் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு அப்படிச் சொன்னவர் அம்மாவின் தம்பி. இப்படி ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு, இந்த ராத்திரி ஏதாவது ஆகிவிட்டால். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, மதிலுக்கு அந்தப் பக்கம், சிலுவை இல்லாத சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். ஞானஸ்நானம் வாங்காமல் போன பிள்ளைகள். இப்போது அப்படியெல்லாம் இல்லை என்று சாமியார் சொல்கிறார், எல்லாரையும் உள்ளேதான் புதைக்கிறார்கள், ஆனால் அந்த மேடுகளை யாரும் உள்ளே எடுத்து வைக்கவில்லையே. அவளைத் தோளில் வைத்தபடியே அடுக்களைக்குப் போய் டம்ளரில் தண்ணீர் மொண்டேன். ஞானோபதேச வகுப்பில் எமில்டா சிஸ்டர் எங்களுக்குப் பொம்மையை வைத்துப் பழக்கியிருக்கிறார்கள். ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், பெண்கள்கூட, தண்ணீர் நெற்றியில் பட்டால் போதாது ஓட வேண்டும், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே. மூன்று தரம் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டால் பயம் போய்விடும். ஊற்றிவிட்டால் நாளைக்கு ஒன்றுமில்லை. ஞானஸ்நானம் ஒரே தரம்தான், இரண்டாம் தரம் கொடுப்பது பாவம், சாமியார் எண்ணெய் பூசி மெழுகுதிரி கொடுத்து அனுப்பிவிடுவார். ஞானஸ்நானத் தொட்டி அருகில் என் மகளை யாரும் ஏந்த வேண்டியிருக்காது. அந்த ஒற்றைக் கல்தொட்டி மேலத்தெருக் கிளையில்தான் இருக்கிறது, கட்டிய நாளிலிருந்து. கீழத்தெருப் பிள்ளைகளுக்கு அதிலிருந்து செம்பில் மொண்டுபோய் அந்தப் பக்கத்தில் வைத்து ஊற்றுவார்கள். இவருக்கு அப்படித்தான் ஊற்றினார்கள். சட்டம் மாறி, பிஷப் மேற்றிராணியாரே வந்து யாரும் எந்த வாசலிலும் வரலாம் என்று பிரசங்கம் வைத்துவிட்டுப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இருந்தும் செம்பு நிற்கவில்லை, யாரும் சொல்லாமலே. நாளைக்கு எல்லாப் பிள்ளைக்கும் தொட்டியில்தான் என்று புதுச் சாமியார் அறிவித்திருக்கிறார். என் மகள் முதலாவது. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் கழுத்து மடிப்பில் பால் வாசனை. ஊற்றலாம். ஊற்றினால் அவள் பிழைத்துக்கொள்வாள், ஊற்றினால் அவள் எந்தக் கிளையையும் தொடாமல் அடுக்களையில் கிறிஸ்தவளாவாள், அவளுடைய செம்பாக நான் இருப்பேன்.

அப்போதுதான் அது மறுபடியும் வந்தது. நீளமாக, இடையில் ஒரு முட்டல், பிறகு இன்னும் நீளமாக. கூடவே ஆண் குரல்கள், வார்த்தை புரியவில்லை. கல்தான். கோவிலுக்குள் அவ்வளவு பெரிய கல் வேறென்ன இருக்கிறது. தொட்டியைக் கொண்டுபோகிறார்கள். டம்ளரை மேடையில் வைத்துவிட்டேன். நாளைக்குக் கீழத்தெருப் பிள்ளை அதைத் தொடக்கூடாது என்று ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக் கிணற்றில் போடப் போகிறார்கள், இவர் அதைப் பார்த்திருப்பார், தடுக்கப் போயிருப்பார், தனியாள். "அத்தே" என்றேன். அவர்கள் ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். "கேக்குதுட்டி. எனக்கென்ன காதா செவுடு." கொண்டையை முடிந்துகொண்டே எழுந்தார்கள். போகாதீங்க என்றேன், கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். "நான் போனா என்னைய என்ன பண்ணுவாவ, இந்த வயசுல தூக்கிட்டா போவாவ" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டார்கள். "நீ ஒக்காந்து எழுது. விடிஞ்சா சாமி கேப்பாருல்லா." கதவு சும்மா சாத்தியிருந்தது, இவர் வரவேண்டுமே என்று தாழ் போடவில்லை, அத்தை போனபின் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்றுக்கு அரை விரல் திறந்து மூடியது. போர்டிங்கில் ராத்திரி படுக்கை அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டுவார்கள், நெருப்புப் பிடித்தால் என்ன செய்வோம் சிஸ்டர் என்று ஒருத்தி கேட்டாள், ஜெபம் செய்வோம் என்றார்கள். எழுது என்றால் எதை எழுத. மேலத்தெருக் கிளைக்கு ஏழு சன்னல், சிவப்பும் நீலமும் கண்ணாடி. கீழத்தெருக் கிளைக்கு மரப்பலகைச் சன்னல், கண்ணாடி வாங்க முடியவில்லை, பகலில் வயல்வேலை முடித்து இருட்டிய பிறகு தீப்பந்த வெளிச்சத்தில் கட்டியது. பலகை என்பதால் அங்கே காற்று வரும். கண்ணாடிப் பக்கத்தில் இருபது வருஷம் வியர்த்துக்கொண்டு, அழகாக வியர்த்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தவள் நான். இங்கே பலகைச் சன்னலைத் திறந்தால் நெல்லு வாசனையோடு பூசை. கர்ப்பத்தில் மயக்கம் வந்தபோதெல்லாம் அந்தச் சன்னலோரம்தான் என்னை உட்கார வைத்தார்கள், கேட்காமலே இடம் விட்டார்கள். அவள் அந்தச் சன்னலின் பிள்ளை. மூச்சு நன்றாகத்தான் விடுகிறாள். மேல்மூச்சு இல்லை. உதட்டில் நிறம் இருக்கிறது. நான் எண்ணவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.

அத்தை சிரித்துக்கொண்டே வந்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, எதற்கென்று தெரியவில்லை. "உங்க சாமியாருக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு. கைலிய மடிச்சிக் கட்டிக்கிட்டு தொட்டிய இழுக்காரு." மணியடிக்கிற கோவில்பிள்ளையும் கூட நாலைந்து பையன்களுமாம். மேலத்தெருக் கிளையிலிருந்து நடுக்கூடத்துக்கு, பீடத்துக்கு நேர் முன்னால் தொட்டியைக் கொண்டுபோகிறார்களாம். நாளைக்கு எந்தத் தெருவும் எந்தத் தெருவுக்குள்ளும் போக வேண்டாம், எல்லாரும் நடுவுக்கு வரட்டும் என்றிருக்கிறார். "அப்போ அவியள அங்க பாத்தீங்களா" என்றேன். "அவனக் காணல." "கேக்கலையா யாரையும்." "கேட்டேன். இன்னும் வரலன்னாவ." சிரிப்பு போய்விட்டது அவர்களுக்கும். பிறகு, என்னைப் பார்க்காமல், "இழுத்துட்டு வந்து அந்தப் படியில முட்டிக்கிட்டு நிக்கி. ஒரு சாண் படி. அதத் தாண்டித் தூக்க ஆளு பத்தல" என்றார்கள். மேடையில் இருந்த டம்ளரைப் பார்த்தார்கள். பிள்ளையைத் தோளில் போட்டு நான் நிற்பதைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஞானோபதேசம் தெரியும், கீழ வாசலில் சொன்னாலும் அது அதேதான். "தாகமா இருந்தா குடிட்டி" என்றார்கள், அவ்வளவுதான். குடித்தேன். முழு டம்ளரும், நின்றபடியே, மூச்சு விடாமல். பிள்ளையை அவர்களிடம் கொடுத்தேன். அவர்கள் தைலம் எடுத்து உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து அவள் நெஞ்சில் வைத்தார்கள். அவள் ஒரு தும்மல் போட்டாள், பெரிய மனுஷி மாதிரி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் வந்தது, மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்து எழுதினேன், யாரையும் கேட்காமல்: இந்தக் கோவில் இப்படிப் பிரிந்து நிற்பதற்குக் காரணம் நாம் ஒருவரையொருவர் பார்க்க விரும்பாததுதான். அணைப்பதற்காக விரித்த கை இல்லை இது. இரண்டு கொத்தனார்களும் கோலை ஒத்துப் பார்க்கவில்லை. எழுதிவிட்டு அடிக்காமல் விட்டேன். சாமியார் அடித்துக்கொள்ளட்டும். அவருக்கு வேண்டுமானால்.

பேச்சுச் சத்தம் தெருவில். இரண்டு பேர். ஒன்று இவர் நடை, செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற நடை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அடித்துக் கொண்டுவந்து போடுகிறார்களா என்று கடைசியாக ஒருதரம் மனசு துள்ளியது, பிறகு இவர் குரல், "மெதுவா, அங்க வாய்க்கா இருக்கு" என்று. நான் கதவைத் திறந்தேன். இவர் சட்டை கிழிந்திருக்கவில்லை. முழங்கைவரை சுண்ணாம்பு. பின்னால் தெருவிளக்குக்கு வெளியே ஸ்தனிஸ் அண்ணன், அவன் கையிலும் சுண்ணாம்பு, ஒரு விரலில் துணி சுற்றியிருந்தது, துணியில் ரத்தம். "ஒண்ணுமில்ல, கல்லு நசுக்கிட்டு" என்றான் என்னைப் பார்க்காமல். அப்பாவோடு விவாதம் முடிய இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. அப்பா கடைசியில், போனா அங்கேயே கெட என்று சொல்லிக் கதவடைத்துவிட்டாராம். வருகிற வழியில் சாமியார் இவர்கள் இரண்டு பேரையும் பார்த்து, நல்ல வேளைடா என்று கூப்பிட்டுக் கல்லைத் தூக்கச் சொல்லிவிட்டார். "ஏத்தியாச்சு" என்றார் இவர். "உங்க அண்ணனுக்கு நல்ல பலம். சொல்லவே இல்லையே நீ." அண்ணன் வாசல்படிக்கு வெளியே நின்றான். பிறந்ததிலிருந்து அவன் இந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. நான் உள்ளே வா என்று கூப்பிடவில்லை, கூப்பிட்டு வராமல் போய்விட்டால் என்று. அத்தைதான் பிள்ளையோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். "யாரு, வாளு மாதிரி வெறச்சிக்கிட்டு நிக்கது. கொசு உள்ள வருதுல்லா தம்பி, வாரதுன்னா வா, போறதுன்னா போ." அவன் முகத்தில் என்னவோ அசைந்தது, சிறு வயதில் தப்பு செய்து மாட்டிக்கொண்டால் இப்படித்தான் கன்னம் துடிக்கும். "கை கழுவத் தண்ணி குடுங்கத்தே" என்றான். அத்தே என்றான். இவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவன் படி ஏறி வந்து, முற்றத்தில் கை கழுவி, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கத் தெரியாமல் வாங்கினான், தலையைப் பிடிண்ணே என்றேன், பிடித்திருக்கேன் என்றான். "என்ன பேரு சொல்லணும் நாளைக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாது, இப்பமே சொல்லிக் குடுத்துரு, அங்க வந்து முழிக்க முடியாது" என்றான். சொன்னேன். ஒருதரம் சொல்லிப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்து, அரைக்குரலில். சரியாகத்தான் சொன்னான். அத்தை இன்னொரு பாய் எடுத்து உதறினார்கள், உலையில் அரிசி போட்டார்கள். வெளியில் யாரும் பாக்கியில்லை. நான் போய்க் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டேன்.